வீல்சேரில் உட்கார்ந்து பார்த்த டாக்டர்



எங்க ஊர் ஆயக்குடி. பழனிக்குப் பக்கத்துல, மலை அடிவாரத்துல இருக்கு. கொய்யாப்பழச் சந்தைன்னு சொன்னா உங்களில் பாதிப் பேருக்கு உடனே தெரிஞ்சிடும். மீதிப் பாதிப் பேர், அது தென்காசிப் பக்கம்தானே என்று கேட்பீங்க. காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைக்கிறதே எனக்கு வேலையாப் போச்சு. தென்காசிப் பக்கம் இருக்கிறது ஆய்க்குடி. எங்களுது ஆயக்குடி. எழுத்துல ஒரு புள்ளியும் சத்தத்துல கொஞ்சமும்தான் வித்தியாசம்.

ஆனா அந்த ஆய்க்குடிக்கு நான் ஒரு நன்றி சொல்லணும். எங்க ஊரைத் தேடப்போய் அந்த ஊரைப் பற்றிப் படிச்சேன். அங்கே அமர் சேவா சங்கம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் நம்மைப் போலவே இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவர். 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் கலந்துகொண்டபோது கீழே விழுந்து கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்துவிட்டது. ஆறு வருடம் கழித்து, 1981-இல், படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே மாற்றுத்திறனாளிகளுக்காக அந்தச் சங்கத்தை ஆரம்பித்தார். தனக்குச் சிகிச்சை கொடுத்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாகத்தான் அமர் என்ற பெயர்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. தண்டுவடம் அடிபட்டவர் இத்தனை வருடம் உயிரோடு இருந்து இவ்வளவு வேலை செய்ய முடியும் என்பது எப்போதும் இருந்த விஷயமா? இல்லையாம். நம் தாத்தா, கொள்ளுத்தாத்தா காலத்தில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில், சில மாதங்களில் இறந்துபோனார்கள். அதை மாற்றியவர்களில் முக்கியமான ஒருவரின் கதையைத்தான் இன்னைக்கு உங்களுக்குச் சொல்லப்போறேன். அவர் இன்ஜினியர் இல்லை, டாக்டர். ஆனா நாம ப்ராஜெக்ட் பண்ணும்போது கத்துக்க வேண்டிய ஒரு விஷயத்தை அவர் செஞ்சு காட்டினார். அவர் பெயர் லுட்விக் குட்மன். பாராலிம்பிக் போட்டிகளின் தந்தை என்று உலகம் சொல்வது இவரைத்தான்.

சுரங்கத் தொழிலாளியின் கட்டில்

குட்மன் பிறந்தது 1899 ஜூலை 3. ஊர் டோஸ்ட். அப்போது ஜெர்மனியில் இருந்தது, இப்போது போலந்தில் இருக்கிறது. யூதக் குடும்பம். அவர் சின்னப் பையனாக இருக்கும்போதே குடும்பம் கோனிக்ஷுட்டே என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். நெய்வேலியை மனசுல நினைச்சுக்கோங்க, ஆனா பூமிக்கு அடியில ஆழமா இறங்கி வேலை செய்ற சுரங்கம்.

1917-இல் அவருக்குப் பதினேழு, பதினெட்டு வயது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்கான விபத்து மருத்துவமனையில் தன்னார்வலராக உதவிக்குப் போனார். ஒரு நாள் இளம் தொழிலாளி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். நல்ல திடகாத்திரமான ஆள். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. அவரைப் பூச்சு போட்டுக் கட்டி, மற்ற நோயாளிகளிடமிருந்து பிரித்து, சுற்றிலும் திரை வைத்துவிட்டார்கள். குட்மன் குறிப்பு எழுதப் போனபோது, அதற்கெல்லாம் சிரமப்பட வேண்டாம், இவர் சில வாரங்களில் இறந்துவிடுவார் என்று சொல்லிவிட்டார்கள். அதேபோல் ஐந்து வாரத்தில் அவர் இறந்தும் போனார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அவரைக் கொன்றது முறிந்த எலும்பு இல்லை. ஒரே பக்கமாக அசையாமல் படுத்திருந்ததால் வந்த படுக்கைப்புண்ணும், சிறுநீர்ப்பை வேலை செய்யாததால் வந்த தொற்றும், அந்த விஷம் ரத்தத்தில் கலந்ததும்தான். இரண்டும் தடுக்கக்கூடியவை. ஆனால் தடுக்க யாரும் முயலவில்லை, ஏனென்றால் எப்படியும் சாகப்போகிறவர் என்று முன்பே முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற திரை குட்மன் மனதை விட்டு வாழ்நாள் முழுக்கப் போகவில்லை.

64 பேர்

1918-இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, 1924-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிரெஸ்லாவ் நகரில் அன்றைய பெரிய நரம்பியல் நிபுணர் ஒட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டரிடம் வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டார். முப்பது வயது தாண்டும்போதே ஜெர்மனியின் முன்னணி நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர் என்பதால் குட்மன் வேலை போனது. யூதர்களுக்கான மருத்துவமனைக்கு மாறினார். 1937-இல் அதன் தலைமை மருத்துவரானார்.

1938 நவம்பர் 9 இரவு. ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் நாஜிகள் அடித்து நொறுக்கிய இரவு. ஆண்களைப் பிடித்து வதை முகாம்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மருத்துவமனை வாசலுக்கு யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் உள்ளே சேர்த்துக்கொள்ளும்படி குட்மன் உத்தரவு போட்டார். 64 பேர் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் ரகசியப் போலீஸ் வந்து நின்றது. குட்மன் அவர்களைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லி, ஏன் அவரை இப்போது நகர்த்த முடியாது என்று விளக்கினார். நிறையப் பேருக்கு அங்கேயே அந்த நிமிடமே நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 60 பேர் தப்பினார்கள்.

1939 மார்ச்சில் மனைவி எல்சா, மகன் டென்னிஸ், மகள் ஈவாவுடன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பெரிய டாக்டராக இருந்தவர், அங்கே அகதி. ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. நோயாளிகளை நேரடியாகப் பார்த்துப் பழகிய மனிதருக்கு ஆய்வகம் மட்டும் போதவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்தபோது, தண்டுவடம் அடிபட்டு வரும் வீரர்களுக்காகத் தனி மையம் ஒன்றை அமைக்க பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. பொறுப்பை ஏற்கச் சொல்லி குட்மனைக் கேட்டார்கள். டாக்டர்கள் பலருக்கு இது எதிர்காலமே இல்லாத வேலை. குட்மன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தன் வழியில் வேலை செய்யத் தன்னை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

1944 பிப்ரவரி 1 அன்று ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அந்த மையம் திறந்தது. இருபத்துச் சொச்சம் கட்டில்கள். குட்மன் முதலில் செய்தது, நோயாளிகளின் உடம்பில் போட்டிருந்த கட்டி பூச்சுக் கட்டுகளை எடுத்தது. அடுத்தது, ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்ற விதி. இரவு பகல் இரண்டுக்கும் இதே விதிதான். நர்ஸுகளுக்கும் உதவியாளர்களுக்கும் முதலில் கோபம் வந்தது. ராத்திரி யாரு பார்க்கப்போறாங்கன்னு நினைச்சிருப்பாங்க. நடு ராத்திரியில குட்மனே வார்டுல வந்து நிப்பார்.

இதில் பெரிய மெஷின் எதுவும் இல்லை, புது மருந்தும் இல்லை. தோலின் மேல் ஒரே இடத்தில் அழுத்தம் நீடித்தால் ரத்த ஓட்டம் நின்று அந்தத் தசை சாகிறது. அழுத்தத்தை இடம் மாற்றினால் புண் வராது. பிரஷர் என்றால் விசையை பரப்பளவால் வகுப்பது என்று நாம் ஃபர்ஸ்ட் இயரில் எழுதியது இந்தக் கட்டிலில் ஒரு மனிதனின் உயிராக நின்றது. புண் ஆறியது, தொற்று குறைந்தது, ஆட்கள் பிழைத்தார்கள்.

பிழைத்த பிறகுதான் அடுத்த பிரச்சனை. இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள். நேத்து வரைக்கும் ஓடி ஆடினவங்க. இனி வாழ்க்கை முழுக்க வீட்டு மூலையிலா? குட்மன் அவர்களைச் சும்மா படுக்க விடவில்லை. மரவேலை, கடிகார ரிப்பேர் என்று பட்டறை வேலை கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வெளியே போய்ச் சம்பாதித்து வரி கட்டும் மனிதர்களாக அவர்களை அனுப்ப வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. ரொம்பக் கண்டிப்பானவர், பிடிவாதக்காரர். ஆனாலும் நோயாளிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அப்பா என்று பொருள்படும் பாப்பா.

கைத்தடியும் வீல்சேரும்

இப்போ நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன்.

ஒரு நாள் வார்டுக்கு வெளியே நோயாளிகள் சிலர் வீல்சேரில் இருந்தபடி, கையில் கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பந்தைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பொழுது போகாமல் அவர்களாகவே உருவாக்கிக்கொண்ட விளையாட்டு. நாம திண்ணையில ஸ்டம்புக்குப் பதிலா செங்கலை நிறுத்தி கிரிக்கெட் ஆடுறோமே, அந்த மாதிரி.

வேறு டாக்டராக இருந்தால், அடிபட்டுவிடும் என்று நிறுத்தியிருப்பார். அல்லது ஆபீஸில் உட்கார்ந்து அவர்களுக்காக ஒரு நல்ல விளையாட்டைத் தானே யோசித்திருப்பார். குட்மன் இரண்டையும் செய்யவில்லை. உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஹில் என்பவரைக் கூட்டிக்கொண்டு போய், ஆளுக்கு ஒரு வீல்சேரில் உட்கார்ந்து, அதே மாதிரி தடியோடு இறங்கி ஆடிப் பார்த்தார்.

ஆடினபோதுதான் தெரிந்தது. ஒரு கையில் தடி இருந்தால் வண்டியைத் தள்ள ஒரே கைதான் மிச்சம். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தள்ளினால் வண்டி நேராகப் போகாது, வட்டமடிக்கும். பந்தை அடிக்கக் குனிந்தால் இடுப்பில் பிடிப்பு இல்லாததால் உடம்பு சாய்ந்துவிடும். கால் நடக்கிற ஒருவருக்கே இது இவ்வளவு கஷ்டம் என்றால், இதை ஆடுகிறவர்களின் தோளிலும் கையிலும் எவ்வளவு பலம் சேரும்! மருத்துவமனையில் போரடிக்கும் பயிற்சிகள் செய்ய வேண்டிய வேலையை இந்த ஆட்டம் சந்தோஷமாகச் செய்துவிடும் என்று அவருக்குப் புரிந்தது.

வீல்சேர் போலோ என்ற அந்த ஆட்டம் ரொம்ப முரட்டுத்தனமாக இருந்ததால் கொஞ்ச நாளில் கைவிட்டார்கள். அதற்குப் பதில் கூடையில் பந்து போடும் நெட்பால் வந்தது. அதுவே பின்னால் வீல்சேர் பாஸ்கெட்பாலாக மாறியது. கூடவே வில்வித்தை, டேபிள் டென்னிஸ், ஈட்டி எறிதல் எல்லாம் சேர்ந்தன. வில் அம்பை டார்ட்ஸ் பலகையோடு சேர்த்து டார்ட்செரி என்று ஒரு கலப்பு விளையாட்டுக்கூட இருந்தது.

இதில் வில்வித்தைக்கு அவர் தனி இடம் கொடுத்தார். காரணம் ரொம்ப சிம்பிள். வில்லை இழுக்கத் தோளும் முதுகும் கையும் போதும். உட்கார்ந்து சமநிலை பிடிக்கும் பயிற்சியும் கிடைக்கும். எல்லாவற்றையும் விட, இலக்குப் பலகைக்கு எய்தவர் நின்றாரா உட்கார்ந்தாரா என்று தெரியாது. அம்பு எங்கே குத்தியது என்பது மட்டும்தான் கணக்கு. வீல்சேரில் இருப்பவர் நடக்கிறவரோடு சமமாக நின்று மோதக்கூடிய விளையாட்டு. பல வருடம் கழித்து 1984-இல் நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால் என்ற பெண் வீல்சேரில் இருந்தபடி, பாராலிம்பிக்கில் மட்டுமில்லை, ஒலிம்பிக்கிலேயே வில்லெடுத்து நின்றார். குட்மன் கணக்குப் போட்டது தப்பவில்லை.

16 பேரில் ஆரம்பித்தது

1948 ஜூலை 29. லண்டனில் ஒலிம்பிக் போட்டி தொடங்கிய நாள். அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில் ஒரு வில்வித்தைப் போட்டி நடந்தது. 14 ஆண்கள், 2 பெண்கள், மொத்தம் 16 பேர். எல்லாரும் வீல்சேரில். ஸ்டோக் மாண்டவில் அணி ஒரு பக்கம், ரிச்மண்டில் இருந்த முன்னாள் வீரர்கள் இல்லத்தின் அணி இன்னொரு பக்கம். அவ்வளவுதான் கூட்டம். நம்ம டிபார்ட்மென்ட் கிரிக்கெட் டீமுக்கே அதை விட அதிகமா ஆள் வரும்.

அடுத்த வருடமே குட்மன், இது ஒரு நாள் ஒலிம்பிக்குக்கு இணையாக வளரும் என்று பேச ஆரம்பித்தார். கேட்டவர்களில் பலர் சிரித்திருப்பார்கள். 1952-இல் நெதர்லாந்திலிருந்து ஓர் அணி வந்து, போட்டி சர்வதேசமானது. 1960-இல் ரோம் ஒலிம்பிக் முடிந்த கையோடு அதே நகரத்தில் 23 நாடுகளிலிருந்து 400 வீரர்கள் கலந்துகொண்டார்கள். அதைத்தான் இன்றைக்கு முதல் பாராலிம்பிக் என்று சொல்கிறோம்.

ரோமில் நடந்த ஒரு விஷயத்தை நாம, குறிப்பா சிவில் நண்பர்கள், மறக்கவே கூடாது. வீரர்கள் தங்கிய குடியிருப்புகள் தூண்களின் மேல் உயரமாகக் கட்டப்பட்டவை. ஏறப் படிதான். வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் வீல்சேர் ஆட்கள். கடைசியில் இத்தாலிய ராணுவ வீரர்கள் அவர்களை நாற்காலியோடு தூக்கித் தூக்கி ஏற்றி இறக்கினார்கள். உலகப் போட்டியில் பதக்கம் வாங்குகிற ஆள், தூங்கப் போக இன்னொருத்தர் தோளை நம்ப வேண்டியிருந்தது. குறை அந்த வீரரின் காலில் இருந்ததா, படியில் இருந்ததா?

எங்க ஊர்க்காரனா இதுக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு. பழனி மலைக்குப் படி ஏற முடியாதவங்களுக்காக விஞ்ச்சும் ரோப் காரும் இருக்கு. அதுல போறவங்களுக்கு முருகன் அரை தரிசனம் தர்றதில்ல. ஏற முடியாதவங்களை யாரும் குறையாவும் பேசுறதில்ல. மலை அப்படியேதான் இருக்கு, போற வழியை மட்டும் கூட்டிட்டோம். விளையாட்டுக் கருவி வடிவமைக்கிறதும் இதேதான்.

ஹைடல்பெர்க் குளத்தில் ஓர் இந்தியர்

1966-இல் குட்மனுக்கு பிரிட்டனின் சர் பட்டம் கிடைத்தது. 1968-இல் டெல் அவிவில் நடந்த போட்டியில் முதல் முறையாக இந்தியா கலந்துகொண்டது. 1972 போட்டி ஜெர்மனியில் நடந்தது. ஒலிம்பிக் நடந்த மியூனிக் இடம் கொடுக்கவில்லை, ஹைடல்பெர்க் கொடுத்தது. எந்த நாட்டிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடினாரோ, அதே நாட்டில் குட்மன் போட்டியின் தலைவராக வந்து நின்றார்.

அங்கேதான் முரளிகாந்த் பேட்கர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவுக்குப் பாராலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அது. பேட்கர் ராணுவத்தில் இயந்திரங்களைப் பராமரிக்கும் இஎம்இ பிரிவைச் சேர்ந்தவர், குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து தண்டுவடம் அடிபட்டது. அதற்குப் பிறகுதான் நீச்சலுக்கு மாறினார். தண்ணீருக்குள் வீல்சேர் வேண்டாம், உடம்பின் எடையை நீரே தாங்கிக்கொள்ளும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இதை விட அழகாக எங்கேயும் வேலை செய்திருக்காது. 1917-இல் திரைக்குப் பின்னால் சாக விடப்பட்ட அந்தச் சுரங்கத் தொழிலாளிக்கும், 1972-இல் தங்கம் வாங்கிய இந்தச் சிப்பாய்க்கும் அடிபட்டது ஒரே தண்டுவடம்தான். நடுவில் 55 வருடம், கூடவே ஒரு மனிதரின் பிடிவாதம்.

குட்மன் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தன் போட்டியைப் பல வருடம் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மட்டுமே வைத்திருந்தார். கை, கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் பாராலிம்பிக்கில் சேர 1976 டொராண்டோ போட்டி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீல்சேர் ஓட்டமும் 1964-இல் வெறும் 60 மீட்டரில்தான் ஆரம்பித்தது. 1976-இல்தான் 1500 மீட்டர் வரை நீண்டது. அதாவது, முடியாது என்ற சுவரை உடைத்தவரின் காலத்திலும் இன்னும் சில சுவர்கள் மிச்சம் இருந்தன. அவற்றை உடைத்தவர்கள் பெரும்பாலும் வீரர்களேதான்.

1980 மார்ச் 18 அன்று, 80 வயதில், குட்மன் இறந்தார். 2012-இல் பாராலிம்பிக் லண்டனுக்கு வந்தபோது வீரர்கள் கிராமத்துக்கு மேயராக இருந்தவர் அவர் மகள் ஈவா. அன்று தீபம் ஏற்றிய மார்கரெட் மாகன், 1960 ரோமில் வில்வித்தையில் தங்கம் வாங்கியவர், ஸ்டோக் மாண்டவிலில் சிகிச்சை பெற்றவர்.

நாற்காலி மாறின கதை

குட்மன் காலத்து வீரர்கள் விளையாடியது தினமும் உட்காரும் அதே நாற்காலியில்தான். 1930-களில் அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற சுரங்க இன்ஜினியரும், அவர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்ற மெக்கானிக்கல் இன்ஜினியரும் மடக்கும் ஸ்டீல் வீல்சேரை உருவாக்கினார்கள். எவரெஸ்ட் சுரங்க விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். தன் காருக்குள் மடக்கி வைக்க ஒரு நாற்காலி வேண்டும் என்பதுதான் அவர் தேவை. நல்ல வடிவமைப்புதான், ஆனால் கனம் 20 கிலோவைத் தாண்டும். அடுத்த நாற்பது வருடம் கிட்டத்தட்ட அதே வடிவம்தான்.

1978-இல் கலிஃபோர்னியாவில் மர்லின் ஹாமில்டன் என்ற பெண் ஹேங் கிளைடரில் பறக்கும்போது விழுந்து கால்கள் செயலிழந்தன. மருத்துவமனை கொடுத்த கனமான நாற்காலி அவருக்குப் பிடிக்கவில்லை. கிளைடர் செய்யும் தன் நண்பர்களிடமே, அதே அலுமினியக் குழாயில் ஒரு நாற்காலி செய்து தரச் சொன்னார். எடை பாதியானது. இப்படித்தான் குவிக்கி என்ற பிராண்டு பிறந்தது. கவனிச்சீங்களா? இந்த இரண்டு நாற்காலிக்கும் தொடக்கப்புள்ளி அதில் உட்கார வேண்டியவரேதான்.

இன்றைக்கு விளையாட்டுக்கு விளையாட்டு நாற்காலி வேறு. பாஸ்கெட்பால் நாற்காலியின் சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று சாய்ந்திருக்கும். இதற்கு கேம்பர் என்று பெயர். தரையில் அடித்தளம் அகலமாவதால் பக்கவாட்டில் கவிழாது, சட்டென்று திரும்பும், இரண்டு வண்டி மோதினாலும் விரல் நசுங்காது. ஓட்டப்பந்தய வண்டிக்கு மூன்று சக்கரம், முன்னால் நீண்ட சட்டம். டிராக் வளைவில் ஒரு தட்டுத் தட்டினால் முன்சக்கரம் அந்தக் கோணத்தில் நின்றுகொள்ளும், இரண்டு கையும் தள்ளுவதற்கு மட்டும் இருக்கும். குண்டு எறிபவருக்கோ நகரவே கூடாத நாற்காலி வேண்டும். அதனால் அதைப் பட்டைகளால் தரையோடு இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஒரே நாற்காலிக்கு மூன்று எதிர்எதிர்த் தேவைகள். விளையாடுகிறவரைக் கேட்காமல் இதில் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

நம்ம நாட்டிலும் இது நடக்கிறது. கைகள் இல்லாமல் பிறந்த ஜம்மு காஷ்மீர்ப் பெண் ஷீத்தல் தேவி வில்லைக் காலால் பிடித்து, தோளால் இழுத்து, தாடையால் விடுவித்து அம்பு எய்கிறார். அதற்கேற்ற கருவியை அவர் உடம்புக்கென்றே பயிற்சியாளர்கள் செய்து கொடுத்தார்கள். 2024 பாரிஸில் கலப்பு அணியில் வெண்கலம் வாங்கினார். சென்னை ஐஐடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்க ஆர்2டி2 என்று ஒரு மையமே இருக்கிறது. எழுந்து நிற்கவைக்கும் அரைஸ் நாற்காலி அங்கே உருவானது. ஒருவரின் உடல் அளவுக்கேற்பச் செய்யும் நியோஃப்ளை நாற்காலியும் அங்கிருந்து வந்ததுதான்.

இனி நம்ம முறை

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எக்ஸ்போ போனா, மாற்றுத்திறனாளிகளுக்குன்னு குறைஞ்சது அஞ்சு ப்ராஜெக்ட் இருக்கும். சென்சார் வெச்ச தடி, குரல் கேட்டு ஓடுற வீல்சேர், பேசுற கையுறை. கேலி பண்றேன்னு நினைக்காதீங்க, நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். ஆனா ஒரு கேள்வி. அதை யாருக்காகப் பண்ணினோமோ அவரை ஒரு தடவையாவது போய்ப் பார்த்தோமா? வீல்சேர் ப்ராஜெக்ட் பண்ணினவங்கள்ல எத்தனை பேர் ஒரு நாள் முழுக்க வீல்சேர்ல உட்கார்ந்து கேன்டீனுக்குப் போய் வந்தாங்க?

நம்ம எல்லார் ஊர் மைதானத்துலயும் ஒரு ஓரத்துல ஸ்கோர் எழுதுற பையன் ஒருத்தன் இருப்பான். கால் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும். ரூல்ஸ் எல்லாம் நம்மை விட அவனுக்கு நல்லாத் தெரியும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில கால் நசுங்கின ஒரு பையனும் அப்படி ஓரமா நின்னிருந்தா, மாரியப்பன் தங்கவேலுன்னு ஒரு பேரை நாம கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். அவன் 2016 ரியோவுல 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினான்.

அதனால அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனா, அந்த ஸ்கோர் எழுதுற பையன் பக்கத்துல போய் உட்காருங்க. என்ன விளையாடணும்னு ஆசை, எது தடுக்குதுன்னு கேளுங்க. அவனாவே ஏதாவது தடி, கயிறு, பலகை வெச்சு ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருப்பான். அதை நீங்களும் ஒரு தடவை அவனை மாதிரியே செஞ்சு பாருங்க. நோட்டைத் திறந்து முதல் படம் போடறது அதுக்கு அப்புறம்.

நானும் இந்த லீவுல ஆயக்குடி மைதானத்துக்குப் போறேன். வரும்போது கொய்யாப்பழமும் கொண்டு வர்றேன். அடுத்த இதழில் சந்திப்போம்.